மின்சாரம் இல்லாதபோது இறங்கிய பாரம்

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரந்தன் சந்தியில், முன்பு என்னோடு வேலை செய்த அண்ணையைக் கண்டேன். முல்லைத்தீவு பஸ்ஸுக்காக நின்றிருந்தார். இருவரும் ஒன்றாக ஏறினோம். இருக்கை கிடைக்கவில்லை. அவர் வலக்கையை மேல்கம்பியில் கொளுவிக்கொண்டு நின்றார். அந்தக் கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே இருக்கின்றன. நடுவில் இருந்த மூன்றும் அடியோடு இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் சற்று நேரம் அதையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஷெல்லா, தம்பி?"

"ஓம், ஐயா."

"எவ்விடத்தில்?"

"மாத்தளனில்."

முதியவர் எழுந்து தன் இருக்கையைக் கொடுக்கப் பார்த்தார். அண்ணை மறுத்துவிட்டார். தருமபுரம் தாண்டும் வரை மூவரும் பேசவில்லை.

அந்த விரல்கள் இறுதிப் போரின்போது மாத்தளனில் போகவில்லை. 2009 மே மாதத்தில் அண்ணை பத்து விரல்களோடும் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவர். அவை போனது 2013 புரட்டாதியில், விசுவமடுவுக்கு அருகே சீமெந்துக் கல் அரியும் ஒரு வளவில். அப்போது இயந்திரத்தின் லீவரில் இருந்தது என் கை.

அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் நான் உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தேன். முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருக்க முடியாத நிலை. அப்போது வன்னியில் எந்த ஒழுங்கையில் இறங்கினாலும் அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தின் 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்குக்கும் கிழக்குக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. மீள்குடியேறிய குடும்பத்துக்கு 550,000 ரூபா. அதுவும் ஒரே தடவையில் கைக்கு வருவதில்லை. ஒரு கட்டம் எழும்பினால்தான் அடுத்த கட்டப் பணம். வீட்டுக்காரரே நின்று கட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்குமுன் சுவர் எழும்பவில்லை என்றால் தறப்பாளின் கீழ் இன்னொரு மாரி. ஆகவே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கல் தேவைப்பட்டது. "இன்றைக்குக் கல் வருமா?" என்று காலை ஆறு மணிக்கே படலையில் வந்து நிற்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் அம்மாவும் அப்படித்தான் இன்னொரு வளவின் படலையில் நின்றார்.

கல் அரிதல் என்று சொல்கிறோமே தவிர, யாரும் எதையும் அரிவதில்லை. மண் கல்லின் காலத்துச் சொல் சீமெந்துக் கல்லுக்கும் அப்படியே தொற்றிக்கொண்டது. உண்மையில் நடப்பது வார்ப்பு. சீமெந்தையும் மணலையும் கல்தூளையும் ஈரம் குறைவாகக் குழைத்து மேல்தொட்டியில் கொட்டுவோம். அது இரும்பு அச்சுக்குள் இறங்கும். அச்சு கிடந்து அதிரும். பிறகு மேலிருந்து அழுத்துதட்டு இறங்கி நெரிக்கும். அச்சை உயர்த்தினால் பலகையில் ஆறு அங்குலக் கற்கள் ஐந்து நிற்கும். அழுத்துதட்டு ஒரு மனிதனால் தூக்க முடியாத பாரம். எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்குவது. லீவரை ஒருபக்கம் தள்ளினால் ஏறும், மறுபக்கம் தள்ளினால் இறங்கும், நடுவில் நிறுத்தினால் நின்ற இடத்தில் நிற்கும்.

முதலாளி அந்த இயந்திரத்தை லீசிங்கில் எடுத்திருந்தார். வந்தபோது அதற்கு முன்பக்கத்தில் கம்பிவலைக் கதவொன்று இருந்ததாம். கதவைத் திறந்தால் மோட்டர் நிற்கும்படி மூலையில் ஒரு சிறிய சுவிட்ச். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கதவு கிணற்றடியில் கோழிக்கூட்டுக்கு மூடியாகக் கிடந்தது. சுவிட்ச் மட்டும் இயந்திரத்தில் இருந்தது, எப்போதும் அழுந்தியிருக்கும்படி கட்டுக் கம்பியால் வரிந்து. கூரைக்கம்பி கட்டுகிற அதே கம்பி. கதவைத் திறந்து மூடுவதில் போகிற நேரத்தில் இன்னும் எத்தனை கல் போடலாம் என்று கணக்குப் பார்த்தவர்கள் நாங்களும்தான். எங்களுக்கும் கல்லுக்குத்தான் கூலி.

அச்சின் மூலைகளில் கலவை ஒட்டி இறுகும். வன்னி வெயிலில் அதற்கு அதிக நேரம் எடுக்காது. மூலையில் ஒட்டியிருந்தால் அடுத்த கல்லின் விளிம்பு உடையும், உடைந்த கல்லுக்குக் கூலி இல்லை. ஆகவே சாந்தகப்பையால் சுரண்டுவோம். சாந்தகப்பை எட்டாத மூலைக்கு விரல் போகும். அண்ணையின் விரல்கள் அந்த வேலையில் அவ்வளவு பழகியிருந்தன. தட்டு ஏறி இறங்குகிற இடைவெளிக்குள் ஒரு மூலையை வழித்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார். பார்த்துக்கொண்டு நிற்கிற எனக்கு அது ஒரு வித்தையாகத் தெரிந்தது. இன்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஆனால் விபத்து நடந்தது அந்த அவசரத்தில் இல்லை. இதைத்தான் நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

பின்னேரம் மூன்று மணியளவில் மின்சாரம் நின்றது. தட்டு உச்சியில் இருந்தபடியே இருந்தது. அண்ணை, "நல்லது, கரண்ட் வருவதற்குள் அச்சைத் துப்புரவாக்கிவிடுவோம்" என்று குனிந்தார். அன்று முழுவதும் அவர் செய்த வேலைகளில் ஆபத்தில்லாதது என்று நாங்கள் இருவரும் நம்பிய வேலை அது. மின்சாரம் திரும்ப வரும்போது மோட்டர் திடீரென்று இழுக்கக் கூடாது என்பதற்காக லீவரை நடுவுக்குக் கொண்டுவந்து வைக்கும்படி எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நடுவில் வந்து நிற்க அதற்கு ஒரு தடம் உண்டு. அந்தத் தடம் தேய்ந்திருந்தது. நான் தள்ளினேன். லீவர் நடுவைத் தாண்டிப் போனது.

சத்தம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தட்டு தன் பாட்டில் இறங்கியது.

மின்சாரம் இல்லாததால் அதை உயர்த்தவும் முடியவில்லை. பக்கத்து வளவிலிருந்து இருவர் அலவாங்குகளோடு ஓடி வந்து நெம்பித்தான் கையை எடுத்தார்கள். அவருடைய சாரத்திலேயே கிழித்துச் சுற்றினோம். ஓட்டோவில் தருமபுரம் வைத்தியசாலை, அங்கிருந்து அம்புலன்ஸில் கிளிநொச்சி, பிறகு யாழ்ப்பாணம். ஓட்டோவில் அவர் தலை என் தோளில் கிடந்தது. அழவில்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்:

"கரண்ட் வரவில்லையே தம்பி. பிறகு எப்படி இறங்கியது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் லீவரைத் தொட்டதை அப்போது சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் வாட்டில் வைத்துச் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "கரண்ட் இல்லாதபோது லீவரைத் தொட்டால் என்ன ஆகும் என்று உனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?" என்றார். அதை அவர் கேள்வியாகக் கேட்டாரா, மன்னிப்பாகச் சொன்னாரா என்று இன்னமும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஊர் தன் விளக்கங்களோடு வந்தது. கண்ணூறு என்றார்கள். ஏழரைச் சனி என்றார்கள். அவருடைய தாய் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். "அவ்வளவு ஷெல்லடிக்குள்ளும் தப்பியவனுக்கு இது எழுதியிருக்கிறதே" என்று ஒருவர் கட்டிலடியில் நின்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, யார் மீது என்று தெரியாமல். எழுதியிருந்தது என்று ஏற்றுக்கொண்டால் கட்டுக் கம்பியைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. யாரும் பேசவும் இல்லை.

முதலாளி வில்லன் இல்லை. அவரும் எங்களோடு செட்டிகுளம் முகாமில் வரிசையில் நின்றவர்தான். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று 25,000 ரூபா கொண்டுவந்து தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, கதிரையில் இருந்து அழுதார். லீசிங் தவணை இரண்டு மாதம் நிலுவையில் இருந்தது. எட்டாம் நாள் இயந்திரம் மீண்டும் ஓடியது. கட்டுக் கம்பி அப்படியே இருந்தது.

அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாதது என்னவென்றால், இதற்கெல்லாம் சட்டம் எங்கள் தாத்தாக்கள் காலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது என்பது. இலங்கையின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 இல் வந்தது. இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களை மறைத்துக் காப்பிட வேண்டும் என்கிறது. ஒரு விபத்து தொழிலாளியை மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் ஆக்கினால், அதை மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. வெட்டவெளியில் நடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் இடம் தொழிற்சாலை ஆகாமல் போய்விடாது என்றும் சொல்கிறது. இதைப் படித்த இரவு நான் அந்த வளவை நினைத்துக்கொண்டேன். மேலே ஒரு வேப்பமரம், சுற்றி முள்ளுக்கம்பி, நடுவில் இயந்திரம். "இது என்ன பெரிய பக்டரியா?" என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலைதான்.

தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதைவிடப் பழையது, 1934. எந்த உறுப்பு போனால் உழைக்கும் திறனில் எத்தனை வீதம் போனதாகக் கொள்ள வேண்டும் என்று அதில் ஓர் அட்டவணை உண்டு. நாட்கூலி என்பதால் ஒருவர் அதற்கு வெளியே போய்விடுவதில்லை. முதலாளியின் தொழிலுக்காக வேலை செய்தாரா என்பதுதான் பொருட்டு. ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பாதுகாப்புக்காக வைத்த ஒன்றைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றியிருந்தால் நட்டஈட்டை மறுக்கலாம். அதனால்தான், கதவு எப்படிக் கழன்றது என்று கேட்கிற இடமெல்லாம் "அவனே கழற்றினான்" என்ற பதில் முதலில் வந்து நிற்கிறது. அண்ணைக்கு அந்தப் பேச்சு வரும் நிலைகூட வரவில்லை. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் கோரவில்லை.

2013 இல் அந்தச் சட்டத்தின்படி கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 550,000 ரூபா. வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த அதே தொகை. எந்த வீடுகளுக்காக நாங்கள் கல் அரிந்தோமோ, அதில் ஒரு வீட்டின் பெறுமதிதான் அரிந்தவனின் உயிருக்கும் உடலுக்கும் விதிக்கப்பட்டிருந்த உச்சம். 2022 இன் திருத்தம் அதை 2,000,000 ரூபாவாக உயர்த்தியிருக்கிறது. அண்ணைக்கு அது பொருந்தாது.

எனக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, இப்போது கொழும்புக்குத் தெற்கே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். வாளி, மூடி, கதிரை எல்லாம் வார்க்கிற இடம். இயந்திரம் பிளாஸ்டிக் மணிகளை 200 பாகை செல்சியஸுக்கு மேல் உருக்கி, மூடிய அச்சுக்குள் பாய்ச்சுகிறது. கதிரை வார்ப்பதற்கு அச்சின் இரண்டு பாதிகளையும் பல நூறு தொன் விசையில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். வேலைக்குப் போன முதல் வாரம் மேற்பார்வையாளர் என்னை அதன் முன்கதவடிக்குக் கூட்டிச்சென்றார். கதவைத் திறந்தால் மூன்று காரியங்கள் நடக்கும் என்று காட்டினார். மின்சுற்று அறுபடும். எண்ணெய் போகும் வழி அடைபடும். மூன்றாவதாக, ஒரு தடித்த இரும்புத் தண்டு தன் பாரத்தில் விழுந்து நகரும் தட்டுக்குக் குறுக்கே நிற்கும்.

"மின்சாரத்தையும் எண்ணெயையும் நிறுத்திய பிறகு தண்டு எதற்கு?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. கைகள் நடுங்கின. அவர் சிங்களத்தில் சொன்னதன் பொருள் இதுதான்: மின்சாரம் பொய் சொல்லும், வால்வு பொய் சொல்லும், இரும்பு இரும்பாகவே இருக்கும்.

எங்கள் கல் இயந்திரத்தில் நடந்தது மிக எளிய விஷயம். பம்ப் எண்ணெயைத் தள்ளி அந்தப் பாரத்தை உச்சிக்கு ஏற்றியிருந்தது. மின்சாரம் நின்றபோது பம்ப் நின்றது, பாரம் நிற்கவில்லை. உருளைக்குள் அகப்பட்ட எண்ணெய்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. லீவரைத் தள்ளியதும் எண்ணெய் திரும்பித் தொட்டிக்கு ஓட வழி கிடைத்தது. இறங்குவதற்கு மோட்டர் தேவையில்லை, பாரமே போதும். கம்பிவலைக் கதவு இருந்திருந்தாலும், அதன் சுவிட்ச் வேலை செய்திருந்தாலும், அந்த நேரத்தில் அது அவரைக் காப்பாற்றியிராது. தட்டுக்குக் கீழே ஒரு முட்டு வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். கராஜில் ஜாக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே படுக்கக் கூடாது என்று சின்னப் பையனுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கல் அரிகிற இடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டவற்றில் இன்னும் சில, ஊரில் யாராவது வாசித்தால் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். எண்ணெய்க் குழாயில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தால் அதைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் முள் குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் அது உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டிய காயம். நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்தால் விரல் அழுகும். உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டினால் பிய்த்தெடுக்க வேண்டாம், தோலும் சேர்ந்து வரும். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது பிடித்துவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விரல் துண்டாகிவிட்டால் துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைக்க வேண்டும். சதையில் நேராக ஐஸ் படக் கூடாது. நெரிந்து சிதைந்த விரலைப் பெரும்பாலும் திரும்பப் பொருத்த முடியாது. வெட்டுண்ட விரலுக்கு வாய்ப்பு உண்டு. நாங்கள் அன்று எதையும் எடுத்துச்செல்லவில்லை. எடுத்துச்செல்ல அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

கலவை இயந்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டருக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஓடுகிற பெல்ட் பல வளவுகளில் மூடியில்லாமல் ஓடுகிறது. கணவரை இழந்த பெண்கள் பலர் அங்கே கலவை அள்ளுகிறார்கள். நீளப் பாவாடை, தோளில் துவாய், பின்னல், எதுவும் பெல்ட்டில் சிக்கலாம். ஒரு தகரத் துண்டை வளைத்து மூடினால் போதும்.

பஸ்ஸிலிருந்து விசுவமடுவில் இறங்கி, அண்ணையின் வீட்டுக்கு நடந்தோம். வழியில் கேட்டேவிட்டேன், ஏன் மாத்தளன் என்று சொன்னீர்கள் என்று.

"ஷெல் என்றால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை" என்றார். "மெசின் என்றால், பார்த்துச் செய்திருக்கலாமே என்கிறார்கள். முதலில் கொஞ்ச நாள் மெசின் என்றுதான் சொன்னேன். எத்தனை பேருக்குத்தான் நான் கவனமாக இருந்தேன் என்று சொல்லிக்கொண்டிருப்பது?"

அவர் குரலில் வெட்கம் இருந்தது, கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. சண்டையில் உறுப்பிழந்தவர்கள் நிறைந்த மண்ணில், இயந்திரத்தில் உறுப்பிழந்தவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சொல்லும் இல்லை. பதிவேட்டிலும் இல்லை, பஸ்ஸிலும் இல்லை. தன் காயத்தை மாத்தளனுக்குக் கொண்டுபோய் வைத்தால்தான் மதிப்பு.

முற்றத்தில் இருந்தபோது அவருடைய மகளின் பாணி மருந்துப் பெட்டியிலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றை வாங்கினேன். தண்ணீரை இழுத்து, வாயை விரலால் அடைத்து, தண்டை மேல்நோக்கி நிமிர்த்தி, அதன் தலையில் ஒரு சிறிய கல்லை வைத்தேன். கல் அப்படியே நின்றது. "இப்போது கரண்ட் எங்கே இருக்கிறது?" என்றேன். "இல்லை" என்றார். விரலை எடுத்தேன். தண்ணீர் பீய்ச்சியது, கல் இறங்கியது. திரும்ப நிரப்பித் தரச் சொன்னார். இடக்கையில் பிடித்து, எஞ்சிய வலக்கட்டைவிரலால் தானே அடைத்துப் பார்த்தார். விட்டுப் பார்த்தார். நான்கு தடவை செய்தார்.

இதையெல்லாம் எழுதப் போகிறேன், பெயர் போடமாட்டேன் என்றேன். தலையை ஆட்டினார். அவர் கவனம் அதில் இல்லை. வேலியோரம் விறகுக்குப் போட்டிருந்த பாலைக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கட்டை வைத்திருந்தால் போதுமா?"

"இரும்புக் குழாய் என்றால் இன்னும் நல்லது. கட்டையும் தாங்கும், பாலை என்றால் தாங்கும்."

"அந்தச் சந்தியில் இப்போதும் இரண்டு மெசின் ஓடுகிறது" என்றார். எழுந்துபோய் ஒரு கட்டையைக் காலால் புரட்டினார். "தட்டு உச்சியில் நிற்கும்போது கீழே எத்தனை அங்குலம் இருக்கும், தம்பி?"